டேட்டாவைப் பிழிந்து பி வேல்யூவை 0.05-க்குக் கீழே கொண்டு வருவது தப்பா, இல்லை எல்லாரும் செய்கிறதுதானா?

வெண்ணிலா_பிஜி:
எம்.டி. கடைசி வருடம், தீசிஸ் முடிக்க வேண்டிய நேரம். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கால் எரிச்சல் வைட்டமின் டி மாத்திரையால் குறைகிறதா என்று பார்த்தோம். ஒரு குழுவுக்கு மாத்திரை, இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி தோற்றத்தில் வெற்று மாத்திரை. பன்னிரண்டாவது வாரத்தில் வலி ஸ்கோர் எவ்வளவு குறைந்தது என்பதுதான் முக்கியக் கேள்வி, ப்ரோட்டோகாலிலும் அதைத்தான் எழுதியிருந்தோம். இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பி வேல்யூ (மாத்திரைக்குப் பலனே இல்லை என்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண், 0.05-க்குக் கீழே போனால்தான் தேறியது என்பார்கள்) 0.05 பக்கமே வரவில்லை.

கைடிடம் காட்டினேன். "இப்படியே எழுதினால் எந்த ஜர்னலும் எடுக்காது. ஆண் பெண் தனியாகப் போட்டுப் பார், வயது வாரியாகப் போடு, பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்களை மட்டும் எடு, எட்டாவது வாரத்தையும் பார், எதிலாவது வரும்" என்றார். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில், எட்டாவது வாரத்தில் மட்டும், 0.05-க்குக் கீழே. கைடுக்கு ஒரே சந்தோஷம், தலைப்பையே மாற்றிவிடலாம் என்கிறார். நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, எல்லாம் உண்மையான நோயாளிகள், உண்மையான அளவுகள். ஆனாலும் உறுத்துகிறது. தப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

குமரி_குமார்:
தப்பெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டரம்மா. டேட்டாவைத் திருத்தினால்தான் திருட்டு. இருக்கிற டேட்டாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பது எப்படித் திருட்டாகும்? 0.04 வந்தால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு 96 சதவீதம் உத்தரவாதம், அவ்வளவுதான் கணக்கு. எல்லாத் துறையிலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் தீசிஸை முடித்து வெளியே வாருங்கள்.

எண்_தச்சன்:
எல்லாத் துறையிலும் நடக்கிறது என்பது சரிதான் குமார், வியாதியே அதுதான். ஆனால் அந்த 96 சதவீதக் கணக்கு சுத்தமாகத் தவறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

0.05 என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். மாத்திரைக்கு ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெறும் தற்செயலாக ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டு "தேறிவிட்டது" என்று நாம் ஏமாற நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு இருக்கிறது. இது ஒரே ஒரு கேள்வி கேட்டால். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது கேள்வி கேட்டால் ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு 64 சதவீதம். 0.95-ஐ இருபது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள், கால்குலேட்டர் போதும். தெருவில் இருபது வீட்டுக்குக் குறி சொல்லிவிட்டு, பலித்த ஒரு வீட்டை மட்டும் அடுத்த ஊரில் போய்ச் சொல்கிற ஆள் மாதிரிதான். அந்த ஒரு வீட்டில் பலித்தது பொய் இல்லை. மீதி பத்தொன்பது வீட்டைப் பற்றி வாயே திறக்காததுதான் பொய்.

வெண்ணிலா, உங்கள் கைடு சொன்னதை அப்படியே இன்னொருவர் மின்னஞ்சலில் எழுதி மாட்டிக்கொண்டார், அந்தக் கதை தெரியுமா? பிரையன் வான்சிங்க். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வகம் நடத்தியவர். சாதாரண ஆள் இல்லை. அடியிலிருந்து தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும் சூப் கிண்ணம் வைத்துப் பரிசோதனை செய்து இக் நோபல் என்ற, சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு வாங்கியவர், 2007 முதல் 2009 வரை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டுதல்களைத் தயாரிக்கும் மையத்துக்கே தலைவர். 2016 நவம்பரில் தன் வலைப்பதிவில் பெருமையாக ஒரு கதை எழுதினார். ஒரு இத்தாலிய பஃபே உணவகத்தில் சிலருக்குப் பாதி விலை, சிலருக்கு முழு விலை வாங்கி, சாப்பிடும் அளவு மாறுகிறதா என்று ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். எதிர்பார்த்த முடிவு வரவில்லை. அந்த டேட்டாவைப் புதிதாக வந்த ஒரு ஆய்வு மாணவியிடம் கொடுத்து, இதற்குச் செலவு நிறைய ஆகியிருக்கிறது, உள்ளே ஏதாவது இருந்தே ஆக வேண்டும், தேடு என்றாராம். மாணவி விடாமல் தேடினார், கட்டுரைகள் வரிசையாக வந்தன. அதே ஆய்வகத்தில் அந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன இன்னொருவரை ஒப்பிட்டு ஒரு குத்தல் வேறு.

படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று பேர் அந்த உணவக டேட்டாவிலிருந்து வந்த நாலு பீட்சா கட்டுரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். நூற்றைம்பது இடங்களில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2018-இல் அவருடைய பழைய மின்னஞ்சல்கள் செய்தியில் வந்தன. ஆண்களைத் தனியாகப் பார், பெண்களைத் தனியாகப் பார், மதியம் வந்தவர்கள், இரவு வந்தவர்கள், தனியாக வந்தவர்கள், இரண்டு பேராக வந்தவர்கள், மது வாங்கியவர்கள், பஃபே மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், தள்ளி உட்கார்ந்தவர்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருந்தார். பெண்கள் கூட இருந்தால் ஆண்கள் 93 சதவீதம் அதிகமாக பீட்சா சாப்பிடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் ஓடியதே, அது இந்த டேட்டாவிலிருந்து கிளம்பியதுதான். அந்த செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. மறுநாள் அவர் ராஜினாமா செய்யும் செய்தி வந்தது.

வெண்ணிலா_பிஜி:
படிக்கவே பயமாக இருக்கிறது அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். பெண்களுக்கு மட்டும் பலன் இருப்பது நிஜமாகவே இருக்கலாம் இல்லையா? இப்படி நோயாளிகளைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, அதாவது சப் குரூப், பார்க்கவே கூடாது என்றால் புதிதாக எதையும் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எண்_தச்சன்:
தாராளமாகப் பாருங்கள் தங்கச்சி. எத்தனை பார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். முன்கூட்டியே திட்டமிட்டதா, முடிவு தெரிந்த பிறகு தோன்றியதா என்றும் எழுதுங்கள். பிறகு தோன்றியது என்றால் அது அடுத்த ஆய்வுக்கான கேள்வி, இந்த ஆய்வின் விடை ஆகாது. அதைத் தலைப்பில் தூக்கி வைப்பதுதான் சிக்கல்.

இப்போது குமாரின் 96. ஆயிரம் ஊகங்களைச் சோதிக்கிறோம், அதில் நூறுதான் நிஜம் என்று வைப்போம். நல்ல பெரிய ஆய்வு என்றால் அந்த நூறில் எண்பதைப் பிடிக்கும். மீதி தொள்ளாயிரத்தில் ஐந்து சதவீதம், அதாவது 45, சும்மாவே தேறிவிடும். ஆக தேறியவை 125, அவற்றில் 45 பொய். மூன்றில் ஒன்றுக்கு மேல். இது யாரும் எந்தத் தில்லுமுல்லும் செய்யாத நிலையில். நம் ஊர் தீசிஸ் மாதிரி நோயாளி எண்ணிக்கை குறைந்த ஆய்வு நூறில் இருபதைத்தான் பிடிக்கும் என்றால்? நிஜம் 20, பொய் 45. பி வேல்யூ எல்லாவற்றுக்கும் 0.05-க்குக் கீழேதான் இருக்கும்.

வயல்_வரப்பு:
வேளாண் கல்லூரியில் பல வருடம் குப்பை கொட்டியவன், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த 0.05 கோட்டைப் பிரபலமாக்கியதே வயலில் வேலை பார்த்த ஒருவர்தான். ரோனால்ட் ஃபிஷர், 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணை ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். எரு போட்ட பாத்தியில் விளைச்சல் கூடியது எருவாலா, மண்ணே அங்கே நல்ல மண்ணா என்று பிரிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரி, ஒன்றையே பல இடத்தில் திரும்பச் செய் என்றார். இருபதில் ஒன்று என்கிற கோடு வசதியானது என்று 1925-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். வசதிக்குத்தான் அது, வேதவாக்கு இல்லை. மறுவருடமே இன்னொரு கட்டுரையில், ஒழுங்காக வடிவமைத்த பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து அநேகமாக எல்லா முறையும் இந்த அளவு தேறினால்தான் ஒன்றை நிலைநாட்டியதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற கருத்தில் எழுதினார். நம் ஆட்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் காற்றில் விட்டார்கள்.

நான் தீசிஸ் திருத்தும்போது பி வேல்யூவைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒன்றைத்தான் தேடுவேன். ஒரே பாத்தியில் ஒரு உரம், பக்கத்துப் பாத்தியில் இன்னொரு உரம். அந்தப் பாத்தியில் முப்பது செடி, இந்தப் பாத்தியில் முப்பது செடி, உயரம் அளந்து ஒவ்வொரு பக்கமும் முப்பது ரெப்ளிகேஷன், அதாவது முப்பது முறை தனித்தனியாகத் திரும்பச் செய்தது என்று எழுதிவிடுவார்கள். எங்கே முப்பது? உரம் போட்டது பாத்திக்கு, செடிக்கு இல்லை, ஆக ஒன்றுதான். வாய்க்கால் பக்கத்தில் இருந்த பாத்தி ஜெயித்துவிடும், பெயர் உரத்துக்குப் போகும். மருத்துவ ஆய்வகத்திலும் இதே கூத்துதான், மூன்று எலி, எலிக்குப் பத்து செல், ஆக முப்பது என்று கணக்கு.

அப்புறம் வரைபடத்தில் அந்தச் சின்னக் குச்சிகள் இருக்கிறதே, எர்ரர் பார். ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதைப் போட்டால் குச்சி நீளமாக, அசிங்கமாகத் தெரியும், இரண்டு குழுவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் எர்ரர், அதாவது சராசரி எவ்வளவு தள்ளாடலாம் என்பதைப் போட்டால், 25 பேர் உள்ள குழுவில் குச்சி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எது போட்டோம் என்று அடியில் எழுத மாட்டார்கள். கேட்டால் "சாஃப்ட்வேர் போட்டது சார்" என்பார்கள்.

டீக்கடை_பெஞ்ச்:
நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நீங்கள் உள்ளுக்குள் எப்படியோ போடுங்கள், எனக்கென்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வாட்ஸாப்பில் ஒரு நாள் காபி நல்லது, மறுநாள் கெட்டது. படித்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

ஆய்வகத்து_எலி:
மறந்துவிடுகிற வரை பரவாயில்லை. 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று. அதாவது நூறு சதவீத உயர்வு. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் என்ன? ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு வந்தது ஏழாயிரத்தில் இரண்டு பேருக்கு என்று ஆனது. எண் சரி, ஆய்வும் பொய் இல்லை, சொன்ன விதம்தான். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டார்கள். கர்ப்பத்திலும் கருக்கலைப்பிலும் ரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பது இன்னொரு கொடுமை.

வாட்ஸாப் ரகத்துக்கும் ஒன்று இருக்கிறது. ஜான் பொஹான்னன் என்ற பத்திரிகையாளர் 2015-இல் வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வு செய்தார். ஜெர்மனியில் நிஜ மனிதர்கள், மூன்று குழு, கடைசி வரை நின்றவர்கள் பதினைந்தே பேர். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு தினமும் டார்க் சாக்லேட். எடை, கொழுப்பு, தூக்கம், மனநிலை என்று பதினெட்டு விஷயங்களை அளந்தார்கள். எண்_தச்சன் சொன்ன கணக்கையே போடுங்கள், பதினெட்டுக்கு 60 சதவீதம், ஏதாவது ஒன்று தேறியே தீரும். தேறியது எடை. சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறைகிறது என்று காசு வாங்கிப் போடும் ஒரு ஜர்னலில் வந்தது, ஜெர்மனியின் பில்ட் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது, அங்கிருந்து நாடு நாடாகப் பரவியது. எத்தனை பேரை வைத்து, எத்தனை விஷயம் அளந்தீர்கள் என்று கேட்க அநேகமாக யாரும் மெனக்கெடவில்லை.

குமரி_குமார்:
சரி, அப்படியென்றால் பி வேல்யூவையே தூக்கிக் குப்பையில் போடுங்களேன். பாவம் ஒரு மாணவியைப் போட்டு வதைப்பானேன்?

எண்_தச்சன்:
போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2015-இல் ஒரு சமூக உளவியல் இதழ் பி வேல்யூவுக்குத் தடையே விதித்தது. மறுவருடம் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் உட்கார்ந்து அறிக்கை விட்டது, பி வேல்யூ உங்கள் ஊகம் நிஜமாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லாது, விளைவு பெரிதா சிறிதா என்றும் சொல்லாது என்று. 2017-இல் எழுபத்திரண்டு பேர் சேர்ந்து, புதுக் கண்டுபிடிப்பு என்றால் கோட்டை 0.005-க்கு இறக்குங்கள் என்றார்கள். கோட்டை எங்கே போட்டாலும் எத்தனை முறை முயன்றார்கள் என்பதை மறைத்தால் அதுவும் பாழ்தான். பி வேல்யூ மேல் எனக்குக் கோபம் இல்லை. செத்த மீனை மூளை ஸ்கேனில் வைத்து மனிதர்களின் படத்தைக் காட்டி, மீன் யோசிப்பதாகக் காட்டினார்கள் 2009-இல். எட்டாயிரத்துச் சொச்சம் புள்ளிகளில் பதினாறு "வேலை செய்தன". எத்தனை புள்ளி சோதித்தோம் என்பதற்குத் திருத்தம் போட்டதும் மீன் மறுபடி செத்துவிட்டது.

டேட்டா வர வர எட்டிப் பார்க்கிற பழக்கமும் இதில்தான் சேரும். பத்து நோயாளி சேர்ந்ததும் ஒரு டெஸ்ட், தேறவில்லையா, இன்னும் பத்து பேர். தேறியதும் நிறுத்திவிடுவது. இப்படி ஐந்து முறை எட்டிப் பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம் 14 ஆகிவிடும், பத்து முறை என்றால் 19. "இன்னும் கொஞ்சம் சாம்பிள் சேர்த்தோம்" என்று கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள்.

ஆய்வகத்து_எலி:
தனி மனிதர்களை மட்டும் திட்டிப் பயன் இல்லை என்பதில் குமாரோடு எனக்குப் பாதி உடன்பாடு. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள், பலன் இல்லை என்று வந்த ஆய்வை ஜர்னல் எடுக்காது, அப்புறம் கைடு வேறு என்ன சொல்வார்? விதியை மாற்றினால் ஆட்களும் மாறுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் காசு கொடுத்த பெரிய இதய ஆய்வுகளை இருவர் எடுத்துப் பார்த்தார்கள். 2000-க்கு முன் வந்த முப்பதில் பதினேழு ஆய்வுகள் சிகிச்சை பலனளித்தது என்றன. 2000-க்குப் பிறகு வந்த இருபத்தைந்தில்? இரண்டே இரண்டு. அந்த ஆண்டோடு முக்கியக் கேள்வி எது என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது. மருந்துகள் திடீரென்று மோசமாகிவிட்டன என்றா சொல்வீர்கள்? வேறு காரணங்களும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் விடை வந்த பிறகு கேள்வியை மாற்றும் வழி அடைபட்டதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வயல்_வரப்பு:
இருவருக்கும் ஒரு வார்த்தை. விதி மாறட்டும், நல்லது. அதுவரை கைடு சொன்னார் என்று கையெழுத்துப் போடுகிறவள் மாணவிதான், தீசிஸில் முதல் பெயர் அவளுடையது. கார்னெல் கதையில் வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இருந்தாரே, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டீக்கடை_பெஞ்ச்:
அது சரி, அந்த மூன்று பேர் பீட்சா கட்டுரையில் தப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டேட்டா அவர்கள் கையில் இல்லையே?

எண்_தச்சன்:
அருமையான கேள்வி, இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். 25 பேரிடம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கிறோம், எல்லாம் முழு எண். கூட்டினால் முழு எண்தான் வரும். அதை 25-ஆல் வகுத்தால் சராசரி 3.44 வரலாம், 3.48 வரலாம். 3.46 வரவே வராது, ஏனென்றால் 0.04, 0.04-ஆகத்தான் நகர முடியும். கட்டுரையில் 3.46 என்று இருந்தால் ஆள் எண்ணிக்கை தவறு, இல்லை சராசரி தவறு, இல்லை வேறு என்னவோ. கிரிம் டெஸ்ட் என்று பெயர், நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் இருவரும் உருவாக்கியது. அட்டவணையும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தே செய்யலாம் அண்ணே.

வெண்ணிலா_பிஜி:
எல்லாருக்கும் நன்றி. கைடிடம் நேரடியாக மறுத்துப் பேசினால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யார் காப்பாற்றுவது என்பதும் மனதில் ஓடுகிறது. ஒரு வழி தோன்றுகிறது. எங்கள் ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவானது. "பதிவில் பன்னிரண்டாம் வாரம் என்று இருக்கிறது சார், தேர்வாளர் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது" என்று கேட்கலாமா?

எண்_தச்சன்:
அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தியாவில் அந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கியது, 2018 ஏப்ரலில் இருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் உங்கள் எண்ணைப் போட்டுப் படிக்கலாம். இதைக் காட்டினால் கைடுக்கும் கௌரவமாக இறங்கிவர ஒரு படி கிடைக்கும், நீங்கள் அவரை எதிர்த்த மாதிரியும் இருக்காது.

எழுதும்போது முதல் அட்டவணையில் பன்னிரண்டாம் வார முடிவைப் போடுங்கள். சப் குரூப் எல்லாவற்றையும், தேறாதவற்றையும் சேர்த்து, இன்னொரு அட்டவணையில், இவை பின்னால் பார்த்தவை என்று குறிப்போடு. முடிவுரையில் "வைட்டமின் டி-யால் பலன் இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மறுபக்கத்துத் தவறு. "இந்த ஆய்வில் பலன் தென்படவில்லை" என்று எழுதி, வித்தியாசம் எவ்வளவு, அதன் 95 சதவீதக் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது நம் டேட்டாவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் எல்லை, எங்கிருந்து எங்கு வரை என்று கொடுங்கள். அது அகலமாக இருந்தால் நோயாளி எண்ணிக்கை போதவில்லை என்று அர்த்தம், அதையும் எழுதலாம். இன்டர்வல் எண்ணை இங்கே போட்டீர்கள் என்றால் எப்படி எழுதுவது என்று சேர்ந்தே பார்ப்போம்.

குமரி_குமார்:
வைவா தேதி வந்ததும் சொல்லுங்கள் டாக்டரம்மா. எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை, ஆனால் அந்த 20-க்கு 45 கணக்கை நானே எக்செல்லில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.